பேரரசியை என் உடம்பு பகைத்த வருஷம்

பிப்ரவரி 10, செவ்வாய்

இன்று பேரரசிக்கு விஷம் கொடுக்கும் நாள்.

இந்த ஒரு வரியை மட்டும் யாராவது எட்டிப் பார்த்தால் என்னைக் கொலைகாரன் என்று முடிவு கட்டிவிடுவார்கள். கட்டட்டும். இந்த வயசுவரை ஒரு கெட்ட பெயர்கூட வாங்காமல் என்ன வாழ்ந்தேன்.

பேரரசி எங்கள் பாம்புக்கடி மருந்துப் பண்ணையின் மூத்த பெண்குதிரை. நான் அவளுடைய தலைமை அமைச்சர், மெய்க்காவலர், குளம்பு சுத்தம் செய்பவர், சாணம் அள்ளுபவர். பாம்பு விஷத்தை அவளுக்கு ஊசியில் ஏற்றுவோம். முதலில் கொசு தும்மினால் தெறிக்கும் அளவு. பிறகு கொஞ்சம், பிறகு இன்னும் கொஞ்சம். இப்போது அவள் வாங்கிக்கொள்வதை என் தெருவுக்குப் பங்கிட்டுக் கொடுத்தால் மறுநாள் தெருவில் கதவு திறக்க ஆள் இருக்காது. அவளோ வாலை ஒரு வீசு வீசிவிட்டுப் புல்லைத் தேடுகிறாள். உள்ளே ரத்தத்தில் படை திரண்டுவிட்டது. அந்த விஷத்துக்கென்றே அளவெடுத்துச் செய்த ஆயுதங்கள். பிறகு ஒரு நாள் ரத்தம் எடுத்து, சிவப்பை அவளுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு, வெளிர்மஞ்சள் நீரை மட்டும் நாங்கள் வைத்துக்கொள்வோம். அதிலிருந்துதான் மருந்து. அவளால் பிழைத்தவர்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் எழுந்து நின்றால் பூமி ஒரு பக்கம் சாயும்.

ஊசி போடும்போது அவள் தலையைப் பிடித்துக்கொண்டு காதில் பேசுவது என் வேலை. பிடித்தேன். பேச வாயெடுத்தேன். தும்மினேன். லாயத்துத் தகரக் கூரை அரை அடி நகர்ந்ததாகத் தாடி சத்தியம் செய்கிறான். தாடி என்னோடு வேலை செய்பவன். முகத்தில் அதைத் தவிர வேறொன்றும் தெரியாது.

"அண்ணே, விஷம் அதுக்கு, தும்மல் உங்களுக்கா?"

"வைக்கோல் தூசிடா."

வைக்கோல் தூசிதான்.

பிப்ரவரி 14, சனி

கண் இரண்டும் தக்காளி. வைக்கோல் சரியில்லை என்று வைக்கோல்காரரோடு சண்டை போட்டேன். பாவம், புதுக் கட்டாகத்தான் கொண்டுவந்திருந்தார்.

பிப்ரவரி 20, வெள்ளி

ஆஸ்பத்திரிக் கட்டிலில் எழுதுகிறேன்.

நேற்று பேரரசியின் பிடரியைச் சீவிக்கொண்டிருந்தேன். தொண்டைக்குள் யாரோ கதவைச் சாத்தியதுபோல இருந்தது. காற்று உள்ளே வரவில்லை. உதடு பரோட்டா மாவாக உப்பிவிட்டது என்று தாடி பிறகு போனில் சொன்னான். கீழே விழுந்தபோது எனக்குத் தெரிந்ததெல்லாம் அவளுடைய நாலு குளம்புகள். ஒன்றைக்கூட அவள் அசைக்கவில்லை. அசைத்திருந்தால் என் மண்டை.

தொடையில் ஊசி போட்டு இழுத்துக்கொண்டு வந்தார்களாம். பக்கத்துக் கட்டில்காரரைப் பார்க்க ஒரு கல்யாணக் கூட்டமே வந்துபோனது. நான் தூங்குவதுபோல நடித்தேன். யாரும் வராதவனைவிடத் தூங்குகிறவன் கௌரவம்.

பிப்ரவரி 24, செவ்வாய்

அலர்ஜி டாக்டர். என் தங்கை மகள் வயசுதான் இருக்கும். முன்கையில் பேனாவால் கட்டம் போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு வைத்து, ஊசி முனையால் லேசாகக் குத்தினாள். பூனை, சும்மா இருந்தது. படுக்கைத் தூசி, சும்மா. புல் மகரந்தம், சும்மா. கடைசிச் சொட்டில் என் கையில் ஒரு தீவு எழும்பியது. துறைமுகம் கட்டிக் கப்பல் விடலாம்.

"குதிரை" என்றாள்.

"தப்பா இருக்கும் டாக்டரம்மா. இன்னொரு தடவை குத்திப் பாருங்க."

"தப்பு இல்ல சார். மூக்கு, தொண்டை, நுரையீரல்னு எல்லா வாசல்லயும் உங்க உடம்பு காவலுக்குச் செல்களை நிறுத்தி வெச்சிருக்கு. குதிரைத் தோல்ல உதிர்ற பொடி இருக்குல்ல, அது ஒண்ணும் பண்ணாது. ஆனா உங்க உடம்பு அதை எதிரின்னு பதிவு பண்ணிடுச்சு. காவல்காரங்க கையில அதுக்குன்னே ஒரு கொக்கி குடுத்திருக்கு. பொடி வந்து கொக்கியில மாட்டுனா, கையில இருக்கிற வெடி மொத்தத்தையும் வெடிச்சிடுவாங்க. தும்மல், வீக்கம், மூச்சடைப்பு, எல்லாம் அந்த வெடிதான். எதிரி உங்களை ஒண்ணும் பண்ணல. உங்க ஆளுங்கதான்."

"இத்தனை வருஷமா சும்மா இருந்தாங்களே!"

"தினமும் பழகிப் பழகியே சிலருக்கு வரும். ஏன் சிலருக்கு மட்டும்னு எங்களுக்கும் முழுசாத் தெரியாது."

"சரி. மறந்துடுவாங்களா?"

பேனாவை மூடினாள். "அவங்க வேலையே மறக்காம இருக்கிறதுதான் சார்."

நல்ல படை. நான் கூடப் பிறந்தவள் பிறந்தநாளை மறக்கிறேன். என் ரத்தம் ஒரு குதிரையை மறக்காதாம்.

மார்ச் 2, திங்கள்

பண்ணையின் கால்நடை டாக்டர் என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டார். நல்ல மனுஷர். அதனால்தான் கோபமாக வருகிறது. கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டாவது வந்திருக்கலாம்.

"இனிமே லாயத்துப் பக்கம் வராதீங்க. சீசா கிடங்குக்கு மாத்தியிருக்கேன், டவுன்ல. அதே சம்பளம். இன்னொண்ணும் தெரிஞ்சுக்குங்க. உங்களைப் பாம்பு கடிச்சா, நம்ம மருந்தே உங்களுக்கு ஆபத்து. அதுவும் குதிரையிலிருந்து வந்ததுதானே."

ஊருக்கெல்லாம் மருந்து. எனக்கு மட்டும் விஷம்.

பேரரசியிடம் போய்ச் சொல்லிவிட்டு வரக்கூட விடவில்லை. தூரத்திலிருந்து பார்த்தேன். தாடி அவளை நடத்திக்கொண்டு போனான். கயிற்றை நீளமாக விட்டுப் பிடிக்கிறான், மடையன். அவளுக்குப் பக்கத்தில் தோள் வேண்டும்.

சாமான் அறையில் என் பொருள்களை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். அங்கே அவளுடைய பழைய போர்வை கிடந்தது. குளிர் நாளில் போர்த்துவது. ஓரம் கிழிந்து ஒதுக்கியது, துவைக்காதது. சுருட்டிப் பைக்குள் வைத்தேன். யாரும் கேட்கவில்லை. கேட்டால் என்ன, ஒரு கிழிந்த போர்வை.

மார்ச் 8, ஞாயிறு

தங்கை மகள் போன் செய்தாள். அவள் லிஃப்ட் பழுது பார்ப்பவள். எப்போது பேசினாலும் ஏதாவது ஒரு கட்டடத்தின் உச்சியிலிருந்துதான் பேசுவாள்.

"மாமா, புது வேலை எப்படி இருக்கு?"

"பிரமாதம். என் கீழே பத்து லட்சம் பேர். எல்லாரும் வரிசையா நிக்கிறாங்க. ஒருத்தனும் எதிர்த்துப் பேச மாட்டான்."

"சீசாவைச் சொல்றீங்களா?"

"படையைச் சொல்றேன்."

சிரித்தாள். யாரோ கூப்பிட்டார்கள், வைத்துவிட்டாள். பிறகு நாள் முழுக்க என் குரலை நான் கேட்கவில்லை. சாயங்காலம் மூடி திறக்காத ஒரு ஊறுகாய் பாட்டிலைத் திட்டினேன். அதுதான் இன்றைய உரையாடல்.

மார்ச் 17, செவ்வாய்

வைத்தியம் தொடங்கியது. இதைக் கேட்டால் பேரரசி கனைத்துக் கனைத்தே விழுந்துவிடுவாள்.

குதிரைப் பொடியை எடுத்து, வடித்து, துளியிலும் துளியாக எனக்கு ஊசியில் ஏற்றுகிறார்கள்! வாரம் ஒன்று. அடுத்த வாரம் கொஞ்சம் கூட. அப்புறம் இன்னும் கொஞ்சம்.

"இதை நான் பண்ணிட்டிருந்தேன் டாக்டரம்மா, அந்தப் பக்கத்திலிருந்து."

"அங்க சண்டை போடப் பழக்குவீங்க. இங்க சண்டையை விடப் பழக்குறோம். கொஞ்சம் கொஞ்சமாக் காட்டினா உடம்பு வேற விதமான ஆளுங்களை உண்டாக்கும். பொடி கொக்கியில மாட்டுறதுக்குள்ள குறுக்க வந்து பிடிச்சுக்குவாங்க. அதட்டி அடக்குற பெரிய மனுஷங்களும் வருவாங்க. ஆனா மாசக்கணக்கில் ஆகும். எல்லாருக்கும் பலிக்கும்னும் சொல்ல மாட்டேன்."

"பலிச்சா லாயத்துக்குப் போகலாமா?"

"வேலைக்குன்னா, நிச்சயமாக் கிடையாது. எப்பவாவது போய்ப் பார்க்கலாமான்னு அப்ப பேசுவோம்."

அந்த 'எப்பவாவது'தான் இனி என் சொத்து முழுவதும்.

ஊசி போட்டதும் போய்விட முடியாது. உடம்பு கிளர்ந்தெழுகிறதா என்று பார்க்க அரை மணி நேரம் பெஞ்சில் உட்கார வேண்டும். பக்கத்தில் ஓர் அம்மாள், புறங்கை முழுக்க வெயிலில் கறுத்த தழும்பு.

"உங்களுக்கு என்ன?" என்றாள், பஸ்ஸில் எங்கே இறங்குகிறீர்கள் என்பதுபோல.

"குதிரை."

"எனக்குத் தேனீ. தேனீதான் வளர்க்கிறேன்."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அப்புறம் அவள் சிரித்த சிரிப்பில் நர்ஸ் ஓடி வந்துவிட்டாள், யாருக்கோ மூச்சு அடைக்கிறது என்று.

ஏப்ரல் 7, செவ்வாய்

இந்த வாரமும் ஊசி இல்லை. மார்பில் விசில் அடிக்கிறது. நெஞ்சில் சளி கட்டியிருக்கும்போது ஊசி போட்டால் ஆபத்தாம். ஏற்றிய அளவையும் குறைத்துவிட்டாள்.

"குதிரையை விட்டு ஒரு மாசம் ஆச்சு. இந்நேரம் நெஞ்சு தெளிஞ்சிருக்கணும். வீட்டுல ஏதாவது பிராணி இருக்கா?"

"இல்லை."

பொய் சொல்லவில்லை. போர்வை பிராணி அல்ல.

ஏப்ரல் 21, செவ்வாய்

இன்றும் இல்லை. ஊசி இல்லாவிட்டாலும் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். தேனீயம்மா முந்தியிருந்தாள். அவளுக்கு அளவு ஏறிக்கொண்டே போகிறது. பரீட்சையில் முதல் மார்க் வாங்குகிறவளின் பக்கத்தில் உட்கார்ந்ததுபோல இருந்தது.

மூக்கைச் சுளித்தாள். "குதிரைக்காரரே, உங்க மேல லாய வாசனை அடிக்குது."

"பழைய பழக்கம்."

"பழக்கத்துக்கு வாசனை கிடையாது. என்னமோ வெச்சிருக்கீங்க வீட்டுல." நான் சுவரைப் பார்த்தேன். "நானும்தான் வெச்சிருக்கேன். தேன் பெட்டிச் சட்டம் ஒண்ணு, கட்டிலுக்குக் கீழ. ஆனா மெழுகு என்னைக் கொட்டாது. உங்க சாமான் உங்களைக் கொட்டும்."

பிடிக்கவில்லை எனக்கு அவளை. இனி வேறு பெஞ்ச்.

மே 5, செவ்வாய்

நேற்று போர்வையை அலமாரியில் வைத்தேன். இன்று வெளியே எடுத்தேன்.

மே 16, சனி

மறுபடி ஆஸ்பத்திரிக் கட்டில். இந்த முறை மூச்சடைத்தது வீட்டில், விடியும் நேரம். கதவுவரை தவழ்ந்து போய் மாடிப்படியில் செருப்பை உருட்டிவிட்டேன். கீழ் வீட்டுக்காரர் எழுந்து வந்தார். என் வீரத்தின் உச்சம் அது: செருப்பு.

மாற்றுத்துணி எடுக்க என் அறைக்குப் போன தங்கை மகள் திரும்பி வந்தபோது முகம் சிவந்திருந்தது. கையில் துணி இல்லை.

"மாமா, தலகாணி உறைக்குள்ள என்ன அது?"

நான் ஆஸ்பத்திரிப் போர்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டேன்.

"அதுமேல தலை வெச்சுத் தூங்கியிருக்கீங்க. டெய்லி. டாக்டர் மண்டையப் பிச்சுக்குறாங்க, ஏன் சரியாகலன்னு. நான் மேலே கயித்துல தொங்கிக்கிட்டு உங்களுக்கு என்ன ஆச்சோன்னு... உங்களுக்கு வெளையாட்டா இருக்கா மாமா எல்லாம்?"

நூறு பதில் இருந்தது என்னிடம். பேரரசியின் ராஜ உடை, அரசாங்க ரகசியம், இப்படி.

"வேற ஒண்ணுமே இல்லடி எங்கிட்ட" என்றேன்.

அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். கிரீஸ் படிந்த நகத்தைச் சுரண்டினாள். அப்புறம், "நான் வாரா வாரம் வந்திருக்கணும்" என்றாள். அதைக் கேட்கத்தானா இத்தனை நாள் காத்திருந்தேன்? கேட்டதும் நன்றாக இல்லை. அழுகை வந்தது.

மே 19, செவ்வாய்

தங்கை மகள் போர்வையைப் பண்ணைக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள். மெத்தை, தலையணை, திரைச்சீலை எல்லாம் வெளியே போயின. சுவரைக் கழுவினோம். அறையில் சோப்பு வாசனை. யாரும் குடிவராத வீடு மாதிரி.

இந்த அறையில் இப்போது என்னைத் தவிர யாரும் இல்லை. முன்பும் அப்படித்தான். ஆனால் எனக்குத் தெரியாமல் இருந்தது.

மே 20, புதன்

சே, ஏன்டா குடுக்க விட்டே. ஒரு துண்டு கிழிச்சு வெச்சிருக்கலாம்ல. ஒரு துண்டு.

ஜூன் 9, செவ்வாய்

நெஞ்சு தெளிந்துவிட்டது. ஊசி மறுபடி, அடிமட்டத்திலிருந்து.

பழைய பெஞ்சுக்கே போனேன். தேனீயம்மா நகர்ந்து இடம் விட்டாள். "குடுத்தாச்சா?" "குடுத்தாச்சு." அவ்வளவுதான் பேசினோம். அரை மணி முடிந்தும் இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை. நர்ஸ் வந்து, "உங்களுக்கு ஒண்ணும் ஆகல, கிளம்பலாம்" என்றாள்.

ஜூலை 14, செவ்வாய்

கை வீங்கியது, கோழிமுட்டை அளவு. நெருப்புக்கோழி. டாக்டரம்மா, "இந்த அளவு வீங்கலாம், பயமில்ல" என்று அடுத்த அளவுக்கு ஏற்றினாள். உள்ளே பேச்சுவார்த்தை நடக்கிறது என்று நினைத்துக்கொள்கிறேன். ஒரு பக்கம் வெடியோடு என் பழைய காவல்காரர்கள், எதிரே வெறுங்கையோடு புது ஆட்கள். "அண்ணே, அது பேரரசிண்ணே. விட்டுடுங்கண்ணே."

ஆகஸ்ட் 8, சனி

தாடி வந்தான்! சட்டை மாற்றி, குளித்து, தாடியைக்கூட நனைத்துக்கொண்டு வந்தான். ஆனாலும் வாசலுக்கு வெளியேதான் நின்றான்.

பேரரசியின் ரத்தத்தில் பலம் இறங்கிவிட்டதாம். இனி விஷமும் இல்லை, ரத்தமும் எடுக்க மாட்டார்கள். பின்பக்கப் புல்வெளியில் கிழடுகளோடு விட்டுவிட்டார்கள்.

"சாப்பிடுறாளா?"

"திங்கிறா."

"கயித்தை நீளமா விடாதேடா. தோளோட தோள் நட."

"இப்ப கயிறே இல்லண்ணே. சும்மாதான் சுத்துறா."

"என்னைத் தேடுறாளா?"

தாடியைச் சொறிந்தான். பொய் சொல்லத் தெரியாதவன்; அந்தக் காட்டுக்குள் ஒளித்துவைக்கவும் தெரியாதவன். "முதல் வாரம் தேடுச்சுண்ணே" என்றான்.

செப்டம்பர் 15, செவ்வாய்

தேனீயம்மாவுக்கு மாசம் ஒரு முறை போதுமாம் இனி. பெஞ்சில் நான் மட்டும். போன வாரம் சொல்லிக்கொண்டிருந்தாள்: பெட்டியைத் திறந்தபோது ஒன்று கழுத்தில் கொட்டிவிட்டதாம். அவசரத்துக்குத் தொடையில் போடும் ஊசி மருந்தைக் கையில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாளாம், மூச்சு அடைக்கும் அடைக்கும் என்று. கழுத்து அரித்தது. அவ்வளவுதான். "அழுதேன்" என்றாள். "வலிக்கல. அதான் அழுதேன்."

போகும்போது அவள் போன் நம்பரை என் கையில், பழைய கட்டம் போட்ட இடத்திலேயே, பேனாவால் எழுதினாள். "போய்ப் பாத்துட்டு வந்து சொல்லணும்."

அரை மணி நேரம் என்பது இவ்வளவு நீளம் என்று இன்றுதான் தெரிந்தது.

அக்டோபர் 27, செவ்வாய்

டாக்டரம்மா சம்மதித்தாள். நிபந்தனைகள்: திறந்தவெளி மட்டும். முகமூடி. காற்று என் பக்கமிருந்து குதிரைப் பக்கம் வீச வேண்டும். வேலிக்கு வெளியே, கொஞ்ச நேரம். சட்டைப்பையில் ஊசி மருந்து. துணைக்கு ஒருவர். திரும்பியதும் குளித்து, போட்ட துணியை உடனே துவைக்க வேண்டும்.

"உடனே" என்று இரண்டு முறை சொன்னாள். என் போர்வை வரலாறு அவள் கோப்பில் தங்க எழுத்தில் இருக்கிறது.

நவம்பர் 1, ஞாயிறு

தங்கை மகள் கூட வந்தாள். காற்று எந்தப் பக்கம் என்று விரலை எச்சிலில் நனைத்துத் தூக்கிப் பார்த்து, என்னை வேலி ஓரமாக நகர்த்தி நகர்த்தி நிறுத்தினாள், கோணலான லிஃப்டை நிமிர்த்துவதுபோல.

பேரரசி தூரத்தில் மேய்ந்துகொண்டிருந்தாள். முதுகு இறங்கிவிட்டது. கூப்பிட்டேன். தலையைத் தூக்கினாள், பார்த்தாள், மறுபடி குனிந்தாள்.

அவ்வளவுதான்.

தெரியும் எனக்கு. புதுச் சட்டை, சோப்பு வாசனை, பாதி முகத்தில் துணி. யாரோ ஒருத்தன். அவளுக்கு விஷம் வந்த ஒவ்வொரு முறையும் அவள் ரத்தம் அதை ஞாபகம் வைத்துக்கொண்டது. காதில் பேசியவனை ஏன் வைத்துக்கொள்ள வேண்டும்? எந்த ரத்தத்தில் அதற்கு இடம்?

"போலாமா மாமா?" என்றாள் இவள், மெதுவாக.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. முகமூடிக்குள்ளிருந்தே ஆரம்பித்தேன்: "அடியே, மண்ணாளும் மகராசி! ஏழு கடலும் எட்டிப் பார்க்கும் ஏந்திழையே! உன் சாணத்தை மலையா அள்ளினவன் நிக்கிறேன், தலை தூக்கிப் பார்க்க வலிக்குதோ? ஊசிக்குப் பயந்து என் தோள்ல மூக்கை ஒளிச்சதெல்லாம் மறந்துபோச்சோ? உனக்காக ஒருத்தன் உன்னையே ஊசியில ஏத்திக்கிட்டிருக்கான்டி, கேட்டியா அந்தக் கூத்தை?"

ஒரு காது திரும்பியது. இடது காது, நான் எப்போதும் பேசும் காது.

அப்புறம் வந்தாள். அவசரமே இல்லாமல், அரசி வருவதுபோல. வேலிக்கு மேலே தலையை நீட்டி, என் சோப்பையும் சட்டையையும் மோந்து பார்த்து, ஏமாந்து, பிறகும் மூக்கைத் தோளில் வைத்தாள். நிபந்தனையில் அது இல்லை. தங்கை மகள் கடிகாரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், முதுகைத் திருப்பிக்கொண்டாள்.

நான் மூச்சை இழுத்தேன். உள்ளே போனது. இன்னொரு முறை இழுத்தேன். அதுவும் போனது.

வந்ததும் தேனீயம்மாவுக்குப் போன் செய்தேன்.

"தும்முனீங்களா?"

"இல்லை."

"பொய்."

"ஒண்ணே ஒண்ணு."

சிரிப்பு. அடுத்த ஞாயிறு அவளும் வருகிறாளாம், அந்த மகாராணியைப் பார்க்க.

சட்டையின் வலது தோளில் ஈரம், கூடவே பழுப்பு முடி நாலைந்து. கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தேன். பிறகு வாளியில் தண்ணீர் பிடித்து, சோப்புப் போட்டு, நன்றாகத் துவைத்துக் காயப்போட்டேன்.